கங்காணிச் சீட்டும் வளைகுடா ஒப்பந்தமும்



நம் ஜொகூர் மாநிலத்தில் சிகாமட் தொடங்கி லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் வரை தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று பட்டம் பெற்று, ஆசிரியர் பயிற்சியும் முடித்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம்மிடம் வந்து, “துபாயில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா? கத்தாரில் வேலை இருக்கிறதாமே?” என்று கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஆசை. பெற்றோருக்கோ மகிழ்ச்சி பாதி, பயம் பாதி.

இந்தக் கேள்விக்கு விடை தேட விளம்பரத் தாளைப் புரட்டினால் மட்டும் போதாது. நம்முடைய சொந்தச் சரித்திரத்தையும் புரட்ட வேண்டும். கடல் கடந்து வேலைக்குப் போவது நமக்குப் புதிதன்று. நாம் இந்த மண்ணில் வாழ்வதே அப்படிப்பட்ட ஒரு பயணத்தின் விளைவுதான். அந்தப் பயணத்தில் நம் முன்னோர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டும். வழிச்செலவு யாருடையது? காகிதம் யார் கையில் இருக்கிறது? வேலை பிடிக்காவிட்டால் விலகிவர வழி உண்டா? அவற்றைக் கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. நம் பிள்ளைகள் கேட்க முடியும். அதனால்தான் இந்தச் சரித்திரத்தை இன்று எடுத்துக்கொண்டோம்.

முதலில் வந்தது ஒப்பந்தக் கூலி முறை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவர் கைநாட்டு வைத்தார். அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது என்ன என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. கப்பற் கட்டணமும் முன்பணமும் அவர் பெயரில் கடனாக ஏறின. குறித்த ஆண்டுகள் முடியும்வரை அவர் தோட்டத்தை விட்டு விலக முடியாது. விலகினால் ஓடிப்போனவர் என்று சட்டம் அவரைத் தண்டித்தது. அதாவது வேலையை விடுவதே குற்றமாக இருந்தது. பலத்த கண்டனத்திற்குப் பிறகு, 1910ஆம் ஆண்டில் மலாயாவில் இந்த முறை நிறுத்தப்பட்டது.

அதற்கு முன்பிருந்தே வளர்ந்து வந்த கங்காணி முறை பிறகு முழுமையாக அதன் இடத்தைப் பிடித்தது. தோட்டத்துரை கொடுத்த அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு, கங்காணி தம் சொந்த ஊருக்கே போவார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து உறவினரையும் ஊராரையும் திரட்டுவார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்களைத் தங்கவைத்துக் கப்பலேற்றுவார்கள். 1907ஆம் ஆண்டில் ஒரு குடியேற்ற நிதி ஏற்பட்டது. முதலாளிமார் அதற்குப் பணம் கட்டினார்கள்; அந்த நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. பயணக் கடன் தொழிலாளியின் தலையில் ஏறக்கூடாது என்ற கொள்கை அப்போதுதான் கால் ஊன்றியது. இது ஒரு பெரிய மாற்றம் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் கங்காணிக்கு வருமானம் எப்படி வந்தது? அவர் கீழ் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ, அத்தனை தலைக்கும் கணக்கிட்டுக் காசு கொடுத்தார்கள். அதற்குத் தலைக்காசு என்று பெயர். கங்காணிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. தம் ஆட்களுக்காகத் துரையிடம் வாதாடியவர்களும் உண்டு. என்றாலும், ஆள் சேர்ப்பவரின் வருமானம் தலையை எண்ணி வரும்போது, போகிற இடத்தின் குறைகளை அவர் வாயால் கேட்பது அரிது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களுக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. அதற்குத் துண்டு முறை என்று பெயர். துண்டு என்பது ஒரு சிறு காகிதம். இன்ன தொழிலாளிக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிறவர் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய தோட்டத்தார் அதில் எழுதிக் கொடுப்பார்கள். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. கடனோடு ஆளையும் சேர்த்துக் கைமாற்றிய இந்த வழக்கம் 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டான 1922இல் இந்திய அரசாங்கம் குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றியது. கப்பலேறுவோரைக் கவனிக்கத் துறைமுகங்களில் காப்பாளர்கள் இருந்தனர். தொழிலாளரின் குறைகளைக் கேட்க மலாயாவில் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் நியமிக்கப்பட்டார். முறையிட ஓர் அலுவலகம் கிடைத்தது. இறுதியாக, 1938ஆம் ஆண்டில் உதவிச் செலவில் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை இந்தியா தடை செய்தது. அத்தோடு கங்காணி ஆள் சேர்த்த காலம் முடிந்தது.

நேயர்களே, இதே காலத்தில் இதே நாட்டுக்கு வேறொரு விதமாகவும் தமிழர்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக் கூடம் தொடங்கினார்கள். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் இரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைக்கு வந்தார்கள். ஆங்கிலப் பள்ளிகளில் ஆசிரியர்களாகவும் அமர்ந்தார்கள். இன்று நாம் பேசும் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு அவர்களும் முன்னோடிகள் எனலாம்.

ஒரே கடல், ஒரே காலம், ஆனால் இரண்டு விதப் பயணம். ஒருவர் சம்பளம் இவ்வளவு என்று படித்துப் பார்த்துவிட்டு வந்தார். மற்றவர் கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பி வந்தார். ஒருவர் இராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். மற்றவர் இருட்டில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. இருவருக்கும் இடையே இருந்த வேற்றுமைக்குக் காரணம் பிறப்பும் அன்று, உழைப்பும் அன்று. தம் வேலையைப் பற்றிய காகிதத்தை ஒருவரால் படிக்க முடிந்தது, மற்றவரால் முடியவில்லை என்பதே பெரிய காரணம்.

நம் தோட்டங்களில் அந்தப் படிப்பு ஏன் இல்லை? கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று கூறியது. பள்ளிகள் வந்தன. ஆனால் பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். தமிழில் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுத்ததோடு சரி. ஆங்கிலப் பள்ளிகளோ பட்டணங்களில் இருந்தன. ஜொகூர் பாருவில் ஆங்கிலக் கல்லூரி 1914ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. ஆனால் தோட்டத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேர வழியும் இல்லை, வசதியும் இல்லை. நாடு 1957இல் சுதந்திரம் அடைந்த பிறகு, தமிழ்ப்பள்ளி தேசியக் கல்வி முறைக்குள் வந்தது. மலாயும் ஆங்கிலமும் அங்கே பாடங்களாயின. இடைநிலைப்பள்ளிக்கும் பயிற்சிக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் பாதை மெல்ல மெல்லத் திறந்தது. இன்று ஒரு தோட்டத்துப் பெண் ஆங்கிலப் பட்டத்தோடு நிற்கிறாள் என்றால், அந்தப் பட்டத்திற்குப் பின்னால் மூன்று தலைமுறை உழைப்பு இருக்கிறது.

சரி, வளைகுடா நாடுகளுக்கு ஆங்கில ஆசிரியர்கள் ஏன் தேவைப்படுகிறார்கள்? அங்கேயும் ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் தாத்தாமார் ரப்பர் காட்டை வெட்டித் திருத்திய காலத்தில், வளைகுடாக் கரையில் இருந்தவர்கள் முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் பிழைத்தார்கள். குவைத்தில் முபாரக்கியா பள்ளி 1911இல் தொடங்கியது. ஆங்கிலம் முதலிய புதிய பாடங்களைக் கற்பிக்க அஹ்மதியா பள்ளி 1921இல் வந்தது. பஹ்ரேனில் 1932இல் எண்ணெய் கிடைத்தது. குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் 1938இல் கிடைத்தது. கங்காணி முறை நின்ற அதே ஆண்டு அது! ஓமன் நாட்டிலோ 1970ஆம் ஆண்டு வரை மூன்றே பள்ளிகள்தாம் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 900 ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்தார்கள்.

1973இல் எண்ணெய் விலை பல மடங்கு உயர்ந்தது. பணம் வந்தது, பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன, கற்பிக்க ஆள் இல்லை. எகிப்து, பாலஸ்தீனம், ஜோர்டான் முதலிய நாடுகளிலிருந்து அரபு ஆசிரியர்கள் வந்தார்கள். எண்ணெய்த் தொழிலும் வாணிபமும் ஆங்கிலத்தில் நடந்ததால், ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குத் தேவை பெருகியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 1988இல் தொடங்கிய உயர் தொழில்நுட்பக் கல்லூரிகளில் போதனை மொழியே ஆங்கிலம்தான். பள்ளியில் அரபு மொழியில் படித்த மாணவர், கல்லூரிக்குள் நுழையுமுன் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கென்றே தனி வகுப்புகள் இருக்கின்றன. ஆங்கில ஆசிரியர் வேலைகளில் கணிசமான பகுதி அந்த வகுப்புகளில்தான்.

இன்னொரு வகைப் பள்ளியும் உண்டு. அங்கே வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை இந்தியப் பள்ளிகள். பஹ்ரேனில் 1950இலும், துபாயில் 1961இலும், மஸ்கட்டில் 1975இலும் அவை தோன்றின. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஏராளமான ஆசிரியைகள் அங்கே போனார்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி கொடுக்கும் சம்பளத்தைவிட இந்தியப் பள்ளிச் சம்பளம் பொதுவாகக் குறைவு. ஆகவே “துபாயில் ஆங்கில ஆசிரியர்” என்ற ஒரே பெயருக்குள் பல தரமான வேலைகள் இருக்கின்றன. எந்தப் பள்ளி, எந்தப் பாடத்திட்டம் என்று கேட்காமல் சம்பளத்தை எடைபோட முடியாது.

மற்றோர் உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் கடப்பிதழ் வைத்திருப்பவர்தான் வேண்டும் என்று சில விளம்பரங்கள் வெளிப்படையாகவே கூறுகின்றன. எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் அந்த வாசல் நம் பிள்ளைகளுக்கு மூடியிருக்கும். ஆனால் எல்லா வாசலும் அப்படியன்று. பட்டமும், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும், வகுப்பறையில் நின்று கற்பித்த அனுபவமும் உள்ளவர்களை ஏற்கும் பள்ளிகள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செல்டா என்னும் சான்றிதழும் பல இடங்களில் மதிக்கப்படுகிறது. அதற்குக் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சியும், தேர்வாளர் முன் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குக் கற்பித்தலும் தேவை. வார இறுதி ஒன்றில் பணத்தைக் கட்டிப் பெறும் தாள்களை அதற்கு இணையாகக் கருதி ஏமாந்துவிடக் கூடாது.

இனி, நாம் தொடக்கத்தில் சொன்ன மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

முதற் கேள்வி, வழிச்செலவு யாருடையது? 1907ஆம் ஆண்டிலேயே மலாயாவில் பேசித் தீர்த்த விஷயம் இது. ஆயினும் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி நகையை அடகு வைக்கச் செய்யும் ஏஜண்டுகள் இன்றும் இருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் தனியார் துறைக்கான 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது. நம் நாட்டிலும் 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி, ஆள் சேர்ப்பவருக்குத் தொழிலாளர் இலாகாவின் உரிமம் இருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அன்று கங்காணிக்கே சீட்டு இருந்ததல்லவா?

இதில் அலட்சியம் கூடாது என்பதற்குக் கண்ணெதிரே சான்று இருக்கிறது. வெளிநாட்டில் நல்ல சம்பளம் என்ற சொல்லை நம்பிப் போன மலேசிய இளைஞர்கள், கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் அகப்பட்டார்கள். 2022ஆம் ஆண்டில் அவர்களை மீட்கும் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. “முதலில் சுற்றுலா விசாவில் போங்கள், வேலை விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி, காகிதம் யார் கையில்? வளைகுடா நாடுகளில் கஃபாலா என்றொரு முறை வழங்கி வந்தது. வேலைக்கு அழைத்த முதலாளியே அந்நியரின் குடியிருப்புக்கும் பொறுப்பாளி. பல இடங்களில் அவர் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டார். வேறு வேலைக்கு மாற அவருடைய ஆட்சேபமின்மைக் கடிதம் வேண்டும். சிலநாடுகளில் ஊருக்குத் திரும்பவே அவருடைய அனுமதி வேண்டும். இலங்கையில் 1921இல் ஒழிந்த துண்டு முறையின் சாயல் இதில் தெரிகிறதல்லவா? கடன் எழுதிய காகிதத்திற்குப் பதில் ஆட்சேபமில்லை என்று எழுதிய காகிதம், அவ்வளவே. நல்ல வேளையாக இதுவும் மாறி வருகிறது. கத்தார் 2018இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு வெளியேறும் அனுமதியை நீக்கியது. 2020இல் வேலை மாறப் பழைய முதலாளியின் கடிதம் வேண்டியதில்லை என்று சட்டம் செய்தது. முன்னே சொன்ன 2021ஆம் ஆண்டுச் சட்டமும் கடப்பிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்கிறது. ஆனால் சட்டம் இருப்பது வேறு, அது இருப்பதை அறிந்திருப்பது வேறு. போகிறவர் அறிந்துகொண்டு போக வேண்டும். பட்டம், பயிற்சிச் சான்றிதழ், ஒப்பந்தம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில் பெற்றோரிடம் இருக்கட்டும்.

காகிதத்தின் அருமையை 1990ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் படையெடுத்தது. இலட்சக்கணக்கான அந்நியத் தொழிலாளர்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். இந்தியர்கள் மட்டும் ஏறக்குறைய 1,70,000 பேர் பெரும்பாலும் ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக விமானத்தில் நாடு சேர்க்கப்பட்டார்கள். பிறகு ஐக்கிய நாடுகள் சபை 1991இல் ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. வெளியேறியவர்களுக்குத் தனி நபருக்கு 2,500 டாலர், குடும்பத்திற்கு 5,000 டாலர் என்று ஒரு தொகை வகுத்தது. அதைப் பெற, தாம் அங்கே இருந்ததையும் வெளியேறியதையும் காட்ட வேண்டியிருந்தது.

மூன்றாவது கேள்வி, விலகிவர வழி உண்டா? ஜொகூர்க்காரர்களாகிய நமக்கு வெளிநாட்டு வேலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சிங்கப்பூர். 1924இல் திறந்த ஜொகூர் பாலத்தைக் கடந்து, காலையில் போய் இரவில் வீடு திரும்பிவிடலாம். வேலை போனாலும் வீடு இங்கே இருக்கிறது. வளைகுடா அப்படியன்று. விமானத்தில் ஏழு மணி நேரத் தூரம். வேலைதான் அங்கே வீடு. வேலை போனால் தங்கும் உரிமையும் கொஞ்ச நாளில் போய்விடும். நம் முன்னோர் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்து, இங்கேயே வேரூன்றிக் குடிமக்கள் ஆனார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர், தங்க விரும்பினாலும் ஒருநாள் திரும்பியாக வேண்டும்.

ஆகவே திரும்பும் நாளைப் போகும் நாளிலேயே கணக்கிட வேண்டும். அங்கே அந்நியருக்கு நம் ஊழியர் சேமநிதி போன்ற ஏற்பாடு பொதுவாகக் கிடையாது. அதற்குப் பதில் பணிமுடிவுத் தொகை உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்குமேல் 30 நாள் சம்பளம் என்பது கணக்கு. இது அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டுமே கணக்கிடப்படும். வீட்டுப்படி, போக்குவரத்துப்படி என்று பெருக்கிக் காட்டி, அடிப்படைச் சம்பளத்தைச் சிறியதாக எழுதியிருந்தால், முடிவில் கைக்கு வருவதும் சிறியதாகவே இருக்கும். மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும். 1951இல் தொடங்கிய நம் சேமநிதியில் விருப்பச் சந்தா கட்டி வந்தால், இங்கேயும் ஒரு காசு வளர்ந்துகொண்டிருக்கும்.

முறையிடும் இடத்தையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். அபுதாபி, ரியாத், தோஹா, குவைத், மஸ்கட், மனாமா ஆகிய நகரங்களில் மலேசியத் தூதரகங்கள் இருக்கின்றன. அங்கே பெயரைப் பதிந்துவைப்பது கடமை. நம் தாத்தாமார் ஓர் ஏஜண்டு நியமிக்கப்படுவதற்கு 1920கள் வரை காத்திருந்தார்கள். நமக்கு வாசல் திறந்தே இருக்கிறது.

பெரியோர்களே, தாய்மார்களே! பிள்ளைகளைப் போகாதே என்று தடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒழுங்கான பள்ளியில் சேர்ந்து, கடனை அடைத்து, தம்பி தங்கையைப் படிக்கவைத்து, உலகம் பார்த்துத் திரும்பும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவதுதான் ஆபத்து. ஒப்பந்தம் வீட்டுக்கு வந்ததும் அதை உடனே கையெழுத்திட்டு அனுப்பிவிடாதீர்கள். பிள்ளையை உட்காரவைத்து, வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தாயும் தகப்பனும் தாத்தாவும் கேட்கட்டும். ஒரு வரிக்குப் பொருள் சொல்ல முடியவில்லையென்றால், அதை எழுத்தில் விளக்கும்படி பள்ளிக்குக் கடிதம் போடுங்கள். நல்ல பள்ளி பதில் எழுதும். பதில் எழுதாத பள்ளியைப் பற்றித் தெரிய வேண்டியது அப்போதே தெரிந்துவிடும்.

அன்று நம் குடும்பத்தில் ஒருவர், படிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினார். இன்று அவருடைய பேத்தி, பிறருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறாள். தன் ஒப்பந்தத்தை முதலில் தானே படித்துவிட்டுப் போகட்டும்.